கியாக்டியோ மலைக்குப் பெரிய வழியா, காட்டு வழியா?

டிசம்பர் பிறந்தால் போதும், ரங்கூன் கியாக்டடாவில் எங்கள் அரிசிக் கம்பெனி ஆபீஸில் என் மேஜையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் ஆபீஸ் கிடையாது, எங்கே போகலாம், எந்த ரயில், ராத்தங்க இடம் உண்டா, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்று ஆளுக்கொரு கேள்வி. நானும் சளைக்காமல் சொல்வேன். ஜப்பான் சண்டை முடிந்த இந்த ஏழெட்டு வருஷத்தில் பெகு, புரோம், மாந்தளை என்று நான் சுற்றாத இடமில்லை. சுற்றிய இடத்தைப் பற்றி எழுதாமல் விட்டதும் இல்லை. இந்த வருஷம் பாதிப் பேர் கேட்பது கியாக்டியோ மலையைப் பற்றி. மேலே ஏற இரண்டு வழி இருக்கிறதாமே, எது நல்லது என்பதுதான் கேள்வி. போன கிறிஸ்துமஸுக்கு அங்கே போய் வந்தவன் நான். இருந்தும் ஒரு வருஷமாக அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுத உட்கார்ந்தாலும் வெட்கம்தான் முன்னால் வந்து நிற்கிறது. இருக்கட்டும், வழியைச் சொல்லிக்கொண்டே அதையும் சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மலை உச்சியில், பாறை விளிம்பில், இன்றைக்கோ நாளைக்கோ உருண்டுவிடும் என்று நினைக்கும்படி ஒரு பெரிய உருண்டைக் கல் உட்கார்ந்திருக்கிறது. அதன் தலையில் ஒரு சின்னப் பகோடா. புத்தருடைய ஒரு தலைமுடி உள்ளே இருப்பதால்தான் கல் விழாமல் நிற்கிறது என்று பர்மியர்கள் நம்புகிறார்கள். வேண்டிக்கொண்டவர்கள் தங்க ரேக்கு வாங்கிப் போய்க் கல்லில் ஒட்டுவார்கள். கல்லுக்குக் கிட்டே ஆண்கள்தான் போகலாம். பெண்கள் சற்றுத் தள்ளி நின்று கும்பிட வேண்டியது.

எங்களுக்கு அப்படி ஒரு வேண்டுதல் இருந்தது. என் ஒரே தங்கை தங்கம் பிரசவத்துக்காகப் பசுந்தாங்கில் எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். மாப்பிள்ளை வைத்தியலிங்கத்துக்கு மோல்மேனில் ஒரு மர வாடியில் மேஸ்திரி வேலை. ஆறு மாதமாக அவர் ரங்கூன் பக்கம் வரவில்லை. வேலை நெருக்கடி என்று சொல்லி அனுப்புவார். மோல்மேன் போகிற ரயில் பாதையில்தான் கியாக்டியோ இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தங்கம் ஒரு ரேக்கு வாங்கிக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தாள். "அவர் பேரைச் சொல்லி நீயே ஒட்டணும் அண்ணா. வேற யார் கையிலயும் கொடுத்துடாதே" என்றாள். அடுத்த மாதம் வளைகாப்பு. அதற்குள் அவர் வந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலை. வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

நானும் என் மனைவி விசாலமும் காலை ரயிலில் கிளம்பினோம். ரங்கூனிலிருந்து நூறு மைலுக்குக் கொஞ்சம் கூடுதல். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். பெகுவில் ரயில் நிற்கும்போது மூங்கில் குழாயில் வேகவைத்த சோறு விற்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். சிட்டாங் பாலம் தாண்டும்போது ஜன்னலோரம் இடம் இருந்தால் பாக்கியம். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்குப் பெயர் கியாக்டோ. அங்கே இறங்கும்போது மாலை மூன்று மணி. ஸ்டேஷனுக்கு எதிரே நம் செட்டிநாட்டுக்காரர் ஒருவர் வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடையில் ரசம் பிரமாதம், மோர் மட்டும் தண்ணீர். அன்று ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, விடியுமுன் மாட்டு வண்டி பிடித்து அடிவாரமான கின்புன் கிராமத்துக்குப் போனோம். பத்து மைல், ரூபாய் இரண்டு. பனி கடுமையாக இருக்கும். கம்பளி இல்லாமல் போகாதீர்கள்.

கின்புன்னிலிருந்துதான் ஏற்றம். இங்கேதான் அந்த இரண்டு வழி. பெரிய வழி மலை முதுகின் மேலே போகிறது; ஏழு மைல்; அகலம்; வழியில் ஜயாட் என்கிற ஓலைக்கூரைச் சத்திரங்கள் மூன்று உண்டு, ஒவ்வொன்றிலும் தண்ணீர்ப் பானை, மீன் குழம்பில் சேமியா போட்டுத் தரும் மொஹிங்கா கடை, உட்காரப் பலகை எல்லாம் இருக்கும். விடுமுறை நாளில் ரங்கூனே அங்கே நடந்துகொண்டிருக்கும். காட்டு வழி ஓடையை ஒட்டிப் போகிறது; ஐந்து மைல்தான், ஆனால் செங்குத்து, பாசி, வேர். ஓர் ஈ காக்காய் இருக்காது.

விசாலம் நடந்தே ஏறுவதாகச் சொல்லிவிட்டாள். எனக்கு முழங்கால் வலி என்று நான் டோலி எடுத்தேன். முழங்காலில் ஒன்றும் இல்லை. என் உடம்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

டோலி என்றால் ஒரு பிரம்பு நாற்காலி, இரண்டு நீள மூங்கில், முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். ஏற்றத்துக்கு ஆறு ரூபாய். எந்த டோலி யாருக்கு என்று நாம் பொறுக்க முடியாது. தூக்குகிறவர்களுக்கு முறை உண்டு. முறை வந்தவன் வந்த சவாரியைத் தூக்க வேண்டும். மாட்டேன் என்றால் அன்றோடு அவனை வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள், அந்தப் பருவம் முடிகிறவரை அவனுக்கு மூங்கில் கிடையாது. ஆனால் எந்த வழியில் போவது என்பது சவாரிக்காரர் சொல்வதுதான். இதையெல்லாம் எனக்கு விளக்கியது டோலிக்காரர்களின் தலைவர் ஊ தா. விளக்கிவிட்டுப் போனவர், நான் நாற்காலியில் உட்கார்ந்து சால்வையைச் சரி செய்துகொண்டிருக்கும்போது திரும்பி வந்தார். பசங்கள் காட்டு வழியாகப் போகலாமா என்று கேட்கிறார்கள், கூலி அதேதான் என்றார்.

பயண விஷயத்தில் எனக்கு இரண்டு கொள்கை உண்டு. ஏறுமுன் கூலி பேசிவிட வேண்டும். வழியை வண்டிக்காரன் கையில் விடக் கூடாது. சூலே பகோடாவிலிருந்து பசுந்தாங் போக ரிக்‌ஷாக்காரனிடம் வழியை விட்டுப் பாருங்கள், பாதி ரங்கூனைச் சுற்றிக்காட்டிவிட்டுத்தான் இறக்குவான். நான் உடனே கணக்குப் போட்டேன். ஐந்து மைலில் என்னை இறக்கிவிட்டு இன்னொரு சவாரி பிடிக்கப் பார்க்கிறார்கள்! "ஆறு ரூபாய் கொடுக்கறது நான். பெரிய வழியிலதான் போகணும்" என்று எனக்குத் தெரிந்த பர்மிய மொழியில் சத்தமாகவே சொன்னேன். ஊ தா முன்னால் இடப்பக்கம் நின்ற ஆளைப் பார்த்தார். அந்த ஆள் குனிந்து மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டார்.

அவருடைய பிடரியைத்தான் நான் பார்த்தேன். ஏழு மைலில் பாதித் தூரம் அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே போனேன். தலையையும் தாடையையும் சேர்த்து ஒரு பழைய துண்டால் சுற்றியிருந்தார், குளிருக்கு எல்லாரும் செய்கிறதுதான். பர்மியர் போல லோஞ்சி என்கிற கைலியைத் தொடை வரை ஏற்றிச் செருகியிருந்தார். மற்ற மூவரோடும் பர்மிய மொழியில் ஒன்றிரண்டு வார்த்தை பேசினார். டோலி தூக்குகிறவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? நான் மலையைப் பார்த்தேன், பள்ளத்தாக்கைப் பார்த்தேன், எழுதுவதற்கு வேண்டியதையெல்லாம் பார்த்தேன்.

முதல் ஜயாட்டில் இறக்கினார்கள். நான் மொஹிங்கா சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது விசாலத்தின் முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க, மேல போனா இடப்பக்கம் ஒரு பாதை பிரியுதாம். அதுல போய்க் காட்டு வழியில சேர்ந்துக்கலாமாம்."

"எதுக்கு?"

"சும்மாதான். கூட்டம் இல்லாம இருக்கும்."

"டோலிக்காரன் உன்னையும் பிடிச்சுட்டானா? பேசாம வா."

"ஒரு தடவை நான் சொல்றதைக் கேளுங்களேன்."

கேட்கவில்லை. "வெய்யில்ல உனக்குத் தலை சுத்துது" என்றேன். மலை மேல் காலை ஒன்பது மணிக்கு என்ன வெய்யில்! அவள் குடையை எடுத்துக்கொண்டு டோலிக்கு முன்னால் நடந்தாள். அந்த மூங்கில்காரருக்குப் பக்கத்தில், அவரோடு ஒட்டினாற்போல நடந்தாள். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது ஜயாட் பாதி மலையில் இருக்கிறது. பெரிய கட்டடம், நல்ல காற்று. அங்கே போய் இறங்கியதும் எதிரே நடராஜ பிள்ளை குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். பசுந்தாங்கில் எங்கள் தெருக்கோடி வீடு. தவிட்டு வியாபாரம். அவர் காதில் விழுந்த விஷயம் மாலைக்குள் பசுந்தாங் சந்தை முழுக்க விழும் என்பது என் அபிப்பிராயம். தங்கம் கல்யாணத்தில் மூன்று நாளும் பந்தியில் நின்று பரிமாறியவரும் அவர்தான்.

"அடடே, வாரும் வாரும்! டோலியில வர்றீரே, ராஜா மாதிரி" என்று எழுந்து வந்தார். தங்கத்தை விசாரித்தார். அப்புறம், "மாப்பிள்ளை மோல்மேன்லதானே? நல்ல வேலைதானே?" என்றார்.

மனிதர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் வாய் நீண்டுவிட்டது. "நல்ல வேலையாவா? மர வாடியில அறுபது பேரை வேலை வாங்கறார். நாற்காலியை விட்டு எழுந்திருக்க நேரமில்ல, அதான் வர முடியல. பின்னே? ஒரே தங்கச்சி. கண்டவனுக்கா கொடுப்போம்? சுமை தூக்கறவனுக்கா கொடுப்போம்?"

"அது சரி, அது சரி" என்றார் பிள்ளை. சொல்லிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "ஓய், உம்ம டோலிக்காரன் ஒருத்தன் நம்ம பக்கத்து ஆள் போலிருக்கே. பாரும், லோஞ்சியைப் பர்மாக்காரன் மாதிரி கட்டிக்கிட்டுத் தண்ணியை மட்டும் அண்ணாந்து குடிக்கிறான்."

திரும்பினேன். தண்ணீர்ப் பானை எங்களிடமிருந்து நாலு எட்டில்தான் இருந்தது. பர்மியர்கள் பானைமேல் வைத்திருக்கும் கொட்டாங்கச்சியை வாயில் வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார்கள். மூன்று பேர் அப்படிக் குடித்துவிட்டு நின்றார்கள். நாலாவது ஆள் தாடைத் துண்டைக் கீழே இழுத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, உதட்டில் படாமல் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து செய்கிற பழக்கம், எங்கே போனாலும் மாறுமா? குடித்து முடித்துத் தலையை நிமிர்த்தினார்.

மாப்பிள்ளை.

கன்னம் ஒட்டிப்போயிருந்தது, தாடி முளைத்திருந்தது. ஆனால் கண் அவர் கண்தான். நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அந்தக் கண்ணுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

நம் வீட்டில் மாப்பிள்ளை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் வந்தால் எழுந்து நிற்கிறோம். கையில் பை இருந்தால் ஓடிப் போய் வாங்கிக்கொள்கிறோம். தங்கத்தைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டில் ஒரு செம்பைக்கூடத் தூக்கினதில்லை. அந்த மனிதர் தோளில் மூன்றரை மைல் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

பிள்ளை அதற்குள், "ஏம்ப்பா, எந்த ஊரு நீ?" என்று குரல் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை சட்டென்று துண்டை ஏற்றிவிட்டுக்கொண்டு பர்மிய மொழியில் ஏதோ முணுமுணுத்தார். என் வாய் தானாகத் திறந்தது. "அவன் தெலுங்குக்காரன். தமிழ் தெரியாது. காலையிலேயே கேட்டுட்டேன்."

அவன். அப்படித்தான் சொன்னேன்.

"அப்படியா? சரி வாரும், சேர்ந்தே ஏறுவோம்" என்றார் பிள்ளை.

இனி நான் என்ன செய்வது? டோலியை விட்டு நடக்கிறேன் என்றால், முழங்கால் வலிக்காரனுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று பிள்ளை கேட்பார், டோலிக்காரர்களை உற்றுப் பார்ப்பார். ஏறி உட்கார்ந்தால்... நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மாப்பிள்ளை மூங்கிலுக்குக் குனிந்தபடி என்னைத் திரும்பிப் பார்க்காமலே, ஏறச் சொல்லிப் பர்மிய மொழியில் ஒரே வார்த்தை சொன்னார். அதட்டுகிற மாதிரி இருந்தது. ஏறினேன்.

இரண்டாவது ஜயாட்டிலிருந்து பாதை பிரிகிற இடம் வரை ஒரு மைல். வழி நெடுகக் கடுமையான ஏற்றம். டோலியின் இடப்பக்கம் பிள்ளை பேசிக்கொண்டே வந்தார். தவிட்டு விலை, முனிசிபாலிட்டி வரி, அவர் மகன் படிப்பு. நான் உம் கொட்டினேன். அவருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் விசாலம் புகுந்து குடையை விரித்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் காலையிலிருந்து செய்ததெல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் ஜயாட்டிலேயே அவர் தண்ணீர் குடித்ததைப் பார்த்துவிட்டிருக்கிறாள். அவர் இவளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பியிருக்கிறார். அதனால்தான் என்னிடம் விஷயத்தைச் சொல்லாமல் வழியை மட்டும் மாற்றப் பார்த்திருக்கிறாள்.

எனக்கு முன்னால் அதே பிடரி. மூங்கில் அழுத்திய இடத்தில் தோல் கன்றித் தடித்திருந்தது. ஏற்றம் கூடும்போது நாற்காலி பின்னால் சாயாமல் இருக்க, முன்னால் தூக்குகிறவர்கள் முழங்கை வரை மூங்கிலைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. என் உடம்பை எப்படியாவது இலேசாக்கிவிட முடியாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பைத்தியக்காரத்தனம்! அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. பிள்ளை பக்கத்தில் இருந்ததால் அதுவும் முடியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஒரு மைலை நான் கடந்ததில்லை.

பாதை பிரிகிற இடம் வந்தது. ஒரு பெரிய ஆலமரம், அடியில் நாட் தேவதைக்குச் சின்ன மரக்கூண்டு, இடப்பக்கம் இறங்குகிற ஒற்றையடிப் பாதை. "காட்டு வழியா போ" என்று முதலாளி மாதிரி சத்தம் போட்டேன்.

"அங்க ஏன் ஓய்? வழுக்குமே" என்றார் பிள்ளை.

"கட்டுரை எழுதணும். ரெண்டு வழியும் பார்த்தாத்தானே எழுத முடியும்?"

மரங்கள் மறைத்ததும் இறக்கச் சொன்னேன். இறங்கி, மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலில் பேசியது அவர்தான்.

"தங்கம் எப்படி இருக்கா, மச்சான்?"

"நல்லா இருக்கா. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

"வாடியை வித்துட்டாங்க. மழைக்கு முன்னாடியே. வேற இடம் கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். கிடைக்கல." ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க முறை எங்களுக்கு வந்ததும், தெரிஞ்சவங்க கண்ல படாம காட்டு வழியா போனாப் போதும்னு நினைச்சேன். உங்க கனத்துக்கு அந்த ஏத்தம் இவங்களுக்கு உயிர் போற வேலை. எனக்காகச் சரின்னாங்க மூணு பேரும். நீங்கதான் மாட்டேன்னுட்டீங்க."

மற்ற மூவரும் ஒரு பாறையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். ஒருவருக்கு என்னைவிட வயது கூட.

"மாப்பிள்ளை, நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

"எதை? சுமை தூக்கறவன்னு சொன்னதையா? தூக்கத்தானே தூக்கறேன், அதுல என்ன இருக்கு? கண்டவன்னு சொன்னீங்க பாருங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "அதை மட்டும் எப்படி மறக்கறதுன்னு தெரியல, மச்சான்."

விசாலம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிளம்பலாம் தம்பி, நேரமாகுது" என்றாள்.

நான் நடந்தேன். வெறும் டோலியானாலும் உச்சியில் கொண்டுபோய் வைத்தால்தான் அவர்களுக்குச் சவாரிக் கணக்கு. மூங்கிலின் ஒரு முனையை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "வேண்டாம். உங்க கால் தவறினா நாலு பேரும் விழுவோம்" என்றார். டோலியிலிருந்த எங்கள் மூட்டையை மட்டும் வாங்கிக்கொண்டேன். காட்டு வழியைப் பற்றி எழுத வேண்டுமானால், இரண்டு இடத்தில் கையையும் ஊன்றி ஏற வேண்டும், ஓடையில் மூன்று தடவை இறங்க வேண்டும், அட்டை உண்டு. என்னையும் சுமந்துகொண்டு இந்த வழியில் ஏறச் சம்மதித்த அந்த மூன்று பேரை நினைத்தால் இப்போதும் தலை குனிகிறது. உச்சிக்குப் போய்ச் சேர மாலை நாலு மணியாகிவிட்டது.

வெய்யில் சாய்ந்து கல் மேல் விழுந்திருந்தது. நல்ல தரிசனம்தான், ஆனால் நான் சரியாகப் பார்க்கவில்லை. மடியிலிருந்து காகிதத்தை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன். "தங்கம் கொடுத்தது. உங்க பேர்ல ஒட்டச் சொன்னா. வேற யார்கிட்டயும் கொடுக்கக் கூடாதுன்னா. உங்ககிட்ட கொடுக்கலாம்."

வாங்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். தொட்டியில் கையும் காலும் கழுவினார். அப்புறம் துண்டை எடுத்து முகத்தைச் சுற்றாமல் இடுப்பில் கட்டினார்.

கல்லுக்குப் போகிற பாலத்துக்கு இந்தப் பக்கம் பிள்ளை குடும்பம் உட்கார்ந்திருந்தது. "மாப்பிள்ளை, பிள்ளைவாள் இருக்கார்" என்று மெதுவாகச் சொன்னேன். "கொஞ்ச நேரம் கழிச்சுப் போகலாமே."

"என் பொண்டாட்டி கொடுத்த ரேக்கை மூஞ்சியை மூடிக்கிட்டா ஒட்டறது?" என்று சொல்லிவிட்டு நேரே நடந்தார். பிள்ளைக்கு முன்னால் போய் நின்று, "வணக்கம் மாமா. ஏத்தம் சிரமமா இருந்துதா?" என்றார், நல்ல தஞ்சாவூர்த் தமிழில்.

பிள்ளை அவரைப் பார்த்தார். அந்த லோஞ்சியைப் பார்த்தார். தள்ளி நின்ற என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இதோ, நாளை மறுநாள் பசுந்தாங் சந்தையில் என் குடும்ப மானம் கூறு போட்டு விற்கப்படும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை பக்கத்திலிருந்த கூஜாவை எடுத்துத் திறந்தார்.

"மாப்பிள்ளை, வாங்க. களைச்சு வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க" என்றார்.

மாப்பிள்ளை வாங்கி அண்ணாந்து குடித்தார். பிறகு அவரும் நானும் பாலத்தைத் தாண்டிப் போனோம். ரேக்கைக் கல்லில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். மூங்கில் பிடித்துக் காய்த்த விரல். ரேக்கு அதில் ஒட்டாமல் முழுசாகக் கல்லில் ஒட்டியது. தூரத்தில் விசாலம் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். இந்த ஒரு வருஷத்தில் பிள்ளை எங்கள் தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் நாக்கைப் பற்றி நான் அத்தனை வருஷம் பேசியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க இன்னும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை ஊ தாவிடம் சொல்லிவிட்டு எங்களோடு கிளம்பிவிட்டார். தங்கத்திடம் நானே சொல்கிறேன், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று ரயிலிலேயே எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பசுந்தாங் வீட்டில் அவர் தங்கத்தை உட்கார வைத்து வாடி விற்றதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். நான் ஜயாட்டில் பேசியதைச் சொல்லவில்லை. அதை மறுநாள் நானே தங்கத்திடம் சொன்னேன். புருஷனிடம் அவள் கோபப்படவே இல்லை. முற்றத்தில் குமுட்டி வைத்து அவர் தோளுக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர்னு தெரிஞ்சப்புறம் எவ்வளவு தூரம் உக்காந்து வந்தே, அண்ணா?"

பர்லாங்கு பிசகாமல் எழுதுகிறவன் என்று எனக்குப் பெயர். "கொஞ்ச தூரம்தாம்மா" என்றேன்.

"ஒரு மைல்" என்றாள் விசாலம், அடுப்படியிலிருந்து.

தங்கம் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வளைகாப்பு நடந்தது, குழந்தை பிறந்தது, மாப்பிள்ளைக்கு இங்கேயே ஒரு அரிசி ஆலையில் வேலையும் கிடைத்தது. அந்த ஒரு மைலைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. இதை எழுதலாமா என்று போன வாரம் மாப்பிள்ளையைக் கேட்டேன். "எழுதுங்க. வழியைச் சரியா எழுதுங்க" என்றார். எல்லாருடைய பெயரையும் மாற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வழியைச் சரியாக எழுதுகிறேன். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் முதல் தடவை போகிறவர்களுக்கும் பெரிய வழிதான் நல்லது. நடுவயதுக்குள் இருந்து, காலும் நெஞ்சும் திடமாக இருந்தால் காட்டு வழியில் ஏறலாம், இறங்க வேண்டாம். முழங்கால் வலி உண்மையாக இருந்தால் டோலி எடுங்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. தூக்குகிறவர்கள் வேறு வழியாகப் போகலாமா என்று கேட்டால் காரணம் கேட்காமல் சரி என்று சொல்லுங்கள். அப்புறம் ஒன்று: நாற்காலியில் உட்காருமுன் நாலு பேருடைய முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு உட்காருங்கள்.